இருபது டிகிரியில் அளந்தவள்

கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த ஒரு கம்பி. ஆயில் தொட்டியின் அடிமூடியில் போட்ட துளைக்குள் அதன் நுனியை விட்டு, பசை வைத்து, பசை இறுகும்வரை அந்த விரல்கள் அசையவில்லை. சுவர்க் கடிகாரத்தில் நாலு நிமிடம் போனது. பிறகு மறு கை கம்பியின் இன்னொரு முனையை வெப்பமானியில் சொருகியது. 31.4 என்று எண் வந்தது. விரல்கள் நுனியைச் சற்றுப் பொத்திப் பிடித்தன. எண் 33 ஆயிற்று. கம்பி வேலை செய்கிறது. இதுபோல் இன்னும் மூன்று கம்பிகள் மேஜைமேல் காத்திருந்தன. இன்ஜினிலிருந்து ஆயில் திரும்பி வரும் குழாய்க்கு ஒன்று, முன்பக்கக் கூலருக்குள் ஆயில் நுழையும் இடத்துக்கு ஒன்று, வெளியேறும் இடத்துக்கு ஒன்று.

கைகள் அல்மூட் ஹேஃபெலேயுடையவை. ரெம்ஸ் பள்ளத்தாக்கில், திராட்சைச் சரிவுகளுக்கு அடியில், அவளுடைய பட்டறைக்கும் என்னுடைய கடைசல் பட்டறைக்கும் ஒரே முற்றம். இருபத்தாறு வருடமாக அப்படித்தான். முற்றத்தைக் கூட்டுவது ஒரு வாரம் என் முறை, மறுவாரம் அவள் முறை. என் வாரத்தில் நான் கூட்டி முடித்ததும் அவள் வந்து இன்னொரு தடவை கூட்டுவாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். கூட்டுவாள், அவ்வளவுதான்.

அது 2003 ஜூலை. வீட்டுக்குள்ளேயே முப்பத்தொரு டிகிரி இருந்த கோடை. மேடையில் ஏற்றியிருந்த கார் வென்டலின் எபர்லேயுடையது. 1974-ல் புதிதாக வாங்கியது. இன்ஜின் பின்னால். ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் இல்லை. ஒரு விசிறி அடிக்கும் காற்றும், உள்ளே சுற்றிவரும் பத்துப் பன்னிரண்டு லிட்டர் ஆயிலும்தான் அந்த ஆறு சிலிண்டர்களின் சூட்டை வெளியே கொண்டுபோக வேண்டும். தொண்ணூற்றாறில் வென்டலின் கேட்டுக்கொண்டபடி அல்மூட் அதன் சிலிண்டர்களை ரெண்டு மில்லிமீட்டர் பெரிதாக்கினாள். வால்வுகளை இன்னும் அகலத் திறக்கும் கேம் ஷாஃப்ட் போட்டாள். வேகம் கூடியது. சூடும் கூடியது. ஆனாலும் அது வருடா வருடம் ஆஷன்பெர்க் மலைமேல் ஏறி இறங்கியது.

வென்டலினுக்கு எழுபத்தொன்று. ஓடு வேய்பவராக இருந்தவர். இந்தப் பள்ளத்தாக்கில் அவர் ஏறாத கூரை குறைவு. ஆகஸ்டில் நடக்கும் ஆஷன்பெர்க் ஏற்றத்தில் அவர் இருபத்திரண்டு தடவை ஓடியிருக்கிறார். பழைய கார்களுக்கு அங்கே முந்துவது போட்டி இல்லை. ரெண்டு முறை ஏற வேண்டும், ரெண்டு முறையும் ஒரே நேரம் எடுக்க வேண்டும். யாருக்கு வித்தியாசம் குறைவோ அவர் ஜெயித்தவர். வென்டலின் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. அதிகபட்சம் மூன்றாவது.

அந்த வருடம் வசந்தத்தில் கண் மருத்துவர் அவரிடம் சொல்லிவிட்டார். இடது கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது, வலது கண்ணில் தொடங்கியிருக்கிறது. இந்தக் கோடைக்குப் பகலில் ஓட்டலாம். செப்டம்பரில் உரிமத்தை அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். அதனால் ஆகஸ்ட் பத்தாம் தேதி ஞாயிறு ஒன்றுதான் மிச்சம். அந்த ஒரு ஞாயிறு காருக்குச் சூடு வராமல் இருக்க வேண்டும். அல்மூட்டிடம் அவர் கேட்டது அவ்வளவுதான்.

"போன ஞாயித்துக்கிழமை எவ்வளவு காட்டுச்சு?" என்று அவள் கேட்டாள்.

"முள்ளு சிவப்பைத் தாண்டிப் போச்சுன்னு பேரன் சொன்னான். எனக்கு முள்ளே தெரியல."

"எவ்வளவுன்னு கேட்டேன்."

"ஊருக்கே காய்ச்சல் அடிக்குது, அதுக்கு மட்டும் அடிக்கக் கூடாதா? நூத்தி முப்பது இருக்கும்."

"இருக்கும்னா என்ன? இருந்துச்சா, இல்லையா?"

வென்டலின் என் பக்கம் திரும்பினார். "ஓட்மார், இவகிட்ட மணி என்னன்னு கேட்டா நொடியையும் சேர்த்துச் சொல்லுவா போல."

"நொடியைக் கேட்டாதான் சொல்லுவா," என்றேன். "கேக்காட்டி உங்க கடிகாரத்தைக் கழட்டிப் பாத்துடுவா."

அவள் சிரிக்கவில்லை. நான்கு கம்பிகள் போதும் என்று முடிவுசெய்திருந்தாள்.

அல்மூட் முப்பத்தொரு வருடம் ஒரு தொழிற்சாலையின் அளவை அறையில் வேலை பார்த்தவள். அந்த அறைக்கு ரெண்டு கதவு. ஒன்று சாத்திய பிறகுதான் மற்றது திறக்கும். உள்ளே எப்போதும் இருபது டிகிரி. கோடையில் இருபது, பனியில் இருபது. அளக்க வேண்டிய பாகம் உள்ளே வந்ததும் அதைத் தொடக் கூடாது. ஓர் இரவு முழுக்க அங்கேயே கிடந்து அதுவும் இருபதுக்கு வர வேண்டும். காலையில் பருத்திக் கையுறை போட்டு எடுப்பார்கள். உடல் சூடு பட்டால் எஃகு வளரும் என்பது அங்கே முதல் பாடம். இன்ஜின் கட்டுவதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. குப்பைக்குப் போன இன்ஜின்களை வாங்கிப் பிரித்து, பழுதுபார்க்கும் கையேட்டைப் பக்கம் பக்கமாகப் படித்து, தப்பாகக் கட்டி, மறுபடி பிரித்துத் தானே கற்றுக்கொண்டாள். அளவை அறையின் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. நிலவறையில் ஒரு ஹீட்டர் வைத்து அங்கேயும் இருபது டிகிரி. பிஸ்டனும் கிராங்கும் ஓர் இரவு அங்கே கிடக்காமல் அவள் மைக்ரோமீட்டரை எடுக்க மாட்டாள். வருடத்துக்கு நாலு இன்ஜினுக்கு மேல் கட்டியதில்லை.

ஒருவன் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டதாகவும், அவன் கொண்டுவந்த மோதிரத்தை அளந்து பார்த்து, வட்டமாக இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும் ஊரில் சொல்வார்கள். பாதி பொய். அளந்தது உண்மை. திருப்பிக் கொடுத்ததற்கு வேறு காரணம்.

முதல் வாரம் முழுக்கத் தினமும் மதியம், வெயில் உச்சியில் இருக்கும்போது, காரை வெளியே எடுத்தாள். ஆஷன்பெர்க்கில் மலை ஏறும் மூன்றரை நிமிடத்தில் சூடு அதிகம் ஏறாது. நாற்பது கார்கள் வரிசையில் நிற்கும் அந்த இருபது நிமிடத்தில்தான் ஏறும். கார் ஓடாதபோது முன்கூலருக்குக் காற்று கிடையாது. இன்ஜினை நிறுத்தினால் விசிறியும் நின்றுவிடும், சூடு உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். அதனால் அவள் ஒவ்வொரு நாளும் அதே மலைக்கு ஏறும் திராட்சைத் தோட்டத்துச் சாலையின் அடியில் இருபது நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு நின்றாள். பிறகு மேலே ஏறினாள். பக்கத்தில் நான் உட்கார்ந்து நான்கு எண்களையும் அரை நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினேன்.

முதல் நாள் உச்சியில் 134.

இன்ஜினைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை ஓரிடத்தில் கிழிந்திருந்தது. கீழே போன சூடான காற்று அந்த வழியாகத் திரும்ப விசிறிக்கு ஏறியது. புதுப் பட்டை போட்டாள். மூன்று டிகிரி குறைந்தது. என்றைக்கோ கழற்றி எறிந்த ஹீட்டர் குழாயின் வாய் விசிறிக் கூட்டில் திறந்தே கிடந்தது. சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்றில் ஒரு பங்கு அதன் வழியாக வீணாகியது. நான் ஒரு மூடி கடைந்து கொடுத்தேன். ரெண்டு டிகிரி. தீப்பொறியைச் சற்றுத் தாமதப்படுத்திப் பார்த்தாள், சூடு கூடியது. பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டை ஓர் எண் பெரிதாக்கினாள். ஒன்றரை. முன்கூலரைச் சுற்றித் தகரத்தில் வழி அமைத்து, காற்று பக்கவாட்டில் தப்பாமல் செய்தாள். நிற்கும்போது காற்றடிக்க அதன் பின்னால் ஒரு மின்விசிறி. ரெண்டும் சேர்த்து ஆறு.

எல்லாம் போக 121.5. அவள் எண்ணி வைத்திருந்தது நூற்றுப் பத்து.

"கூலருக்குள்ள போற ஆயிலும் வெளிய வர்ற ஆயிலும் பதினாலு டிகிரி வித்தியாசம்," என்றாள். "கூலர் ஒழுங்கா வேலை செய்யுது. அப்போ சூடு எங்கேருந்தோ கூடுதலா வருது."

"வெயில்லேருந்து," என்றேன்.

"வெயிலை நான் கழிச்சுட்டேன், ஓட்மார்."

மறுநாள் காலை வால்வு மூடிகளைக் கழற்றினாள். சிலிண்டரையும் அதன் தலையையும் இன்ஜினின் கூட்டோடு இழுத்துப் பிடிக்கும் நீண்ட போல்ட்களுக்கு ஸ்டட் என்று பெயர். சிலிண்டருக்கு நாலு, மொத்தம் இருபத்துநாலு. கூடு மெக்னீசியம். ஸ்டட்டின் அடிமரை அந்த மென்மையான உலோகத்துக்குள்தான் இறங்கியிருக்கிறது. குறித்த இறுக்கம் வந்ததும் சத்தம் கொடுக்கும் டார்க் ஸ்பேனரை வைத்து ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்த்தாள். கிளிக். கிளிக். கிளிக். நான் முற்றத்தில் பிரெட்சல் ரொட்டியைக் கடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தேன். பதினான்குக்குப் பிறகு சத்தம் இல்லை.

உள்ளே போனேன். ஸ்பேனர் சுற்றிக்கொண்டிருந்தது. நட்டு திரும்புகிறது, இறுகவில்லை. அவள் மெதுவாக இன்னும் கால் சுற்றுச் சுற்றினாள். கிளிக் வரவில்லை. ஸ்பேனரை எடுத்துத் துணியில் துடைத்து, அதன் பெட்டியில் வைத்து, பெட்டியை மூடினாள். பிறகு மறுபடி திறந்து, மிச்சம் ஒன்பதையும் பார்த்தாள். மொத்தம் மூன்று பிடுங்கிக்கொண்டு வந்திருந்தன. மூன்றும் அடியில், புகைக்குழாய்ப் பக்கம். அந்தச் சிலிண்டர்களில் தலை சரியாக உட்காரவில்லை. வெடிக்கும் வாயு இடுக்கு வழியாகக் கசிந்து கூட்டையே சுட்டுக்கொண்டிருந்தது.

அவள் ஒரு ஸ்டட்டை முழுதாக வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அதன் மரைகளுக்கு இடையில் சாம்பல் நிற மெக்னீசியம் சுருள்சுருளாக ஒட்டியிருந்தது.

"இது நான் போட்டது," என்றாள்.

தொண்ணூற்றாறில் பழைய ஸ்டட்களை எடுத்துவிட்டு, அதைவிட உறுதியான எஃகு ஸ்டட்கள் போட்டவள் அவள். பெரிய சிலிண்டருக்கு இடம் வேண்டுமென்று கூட்டின் வாயை அகலப்படுத்தியதும் அவள். அன்றைக்கு எல்லா அளவும் சரியாக இருந்தது. அவற்றை எழுதிவைத்த நோட்டை எடுத்து எனக்குக் காட்டினாள். ஒவ்வொரு வரியும் நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும், அழகான கையெழுத்தில், இருபது டிகிரி.

"சூட்டுல மெக்னீசியம் எஃகைப்போல ரெண்டு மடங்குக்கு மேல வளரும். சிலிண்டரும் வளரும். ஸ்டட் அந்த அளவுக்கு வளராது. அப்போ மரையைப் பிடிச்சு இழுக்கும். சுடச்சுட இன்னும் இழுக்கும். எனக்கு இது தெரியும், ஓட்மார். முப்பத்தொரு வருஷம் இதைத்தானே தடுத்துக்கிட்டிருந்தேன், பாகம் சூடாகாம பாத்துக்கிட்டு. இந்த இன்ஜின் ஒரு நாளும் இருபது டிகிரியில ஓடப்போறதில்லன்னு ஏன் நினைச்சுப் பாக்கல?"

"ஏழு வருஷம் ஓடியிருக்கே," என்றேன்.

"ஏழு வருஷமா பிடுங்கிக்கிட்டிருந்துருக்கு."

அன்று மாலை வென்டலின் வந்தார். அவள் அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, ஸ்டட்டை அவர் கையில் கொடுத்தாள். பார்க்கச் சொல்லவில்லை, தடவிப் பார்க்கச் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மெழுகவில்லை.

அவர் மரையை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டார். "புதுக் கூடு?"

"தேடிப் பாக்கலாம். மூணு மாசம் ஆகும். உன் காரோட இன்ஜின் எண் அதுல இருக்காது."

"செப்டம்பருக்கு அப்புறம் அதை வெச்சு நான் என்ன பண்ண, கோழிக்கூண்டா? இதையே சரி பண்ணு."

"துளையைப் பெரிசாக்கி எஃகு மரைச்சுருள் இறக்கலாம். ரெண்டு துளைக்குச் சரி. மூணாவதுல நான் வாயை அகலப்படுத்தினதுல சுவரே மிச்சம் இல்ல. ஒண்ணே கால் மில்லி. சுருள் இறக்கினா பிடிக்குமான்னு தெரியாது."

"தெரியாதுன்னு நீ சொல்லி இன்னிக்குத்தான் கேக்கறேன்."

"எனக்கும் பழக்கம் இல்ல," என்றாள்.

அவர் ஸ்டட்டை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "ஒரு ஓடு உடைஞ்சதுக்குக் கூரையைப் பிரிச்சு வேற வீட்டுக்குப் போன்னு நான் யாருக்கும் சொன்னதில்ல, அல்மூட். ஞாயித்துக்கிழமை ஒரு நாள். அது போதும்," என்றார்.

"எனக்குப் போதலயே," என்றாள். அதை அவர் வாசலைத் தாண்டிய பிறகுதான் சொன்னாள்.

இன்ஜினை இறக்கிப் பிரித்தாள். என்னிடம் கிடந்த உடைந்த மெக்னீசியம் கூட்டிலிருந்து ஒரு கட்டி அறுத்துத் தரச் சொன்னாள். அந்தச் சீவல் தீப்பிடித்தால் தண்ணீருக்கு அடங்காது என்பதால் பக்கத்தில் மணல் வாளி வைத்துக்கொண்டு அறுத்தேன். அந்தக் கட்டியில் ஒண்ணே கால் மில்லிச் சுவர் விட்டுத் துளை போட்டாள், சுருள் இறக்கினாள், ஸ்டட்டை மாட்டினாள், ஓர் உண்மையான சிலிண்டரை வைத்து இறுக்கினாள். பிறகு அதைத் தன் சமையலறை அடுப்புக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். நாலு கம்பிகளில் ஒன்று அதற்குள்.

"கேக் வேகுதான்னு குச்சியால குத்திப் பாக்கணுமா?" என்றேன்.

"கதவைத் திறந்தேன்னா உன் விரலைக் குத்துவேன்."

ஐந்து டிகிரி ஐந்து டிகிரியாக ஏற்றினாள். ஒவ்வொரு படியிலும் அரைமணி நேரம். அவளுக்கு அந்தச் சமையலறையில் காத்திருக்கத் தெரியும். நூற்றுப் பத்தில் பிடித்தது. நூற்றுப் பதினைந்தில் பிடித்தது. நூற்றுப் பத்தொன்பதில் அடுப்புக்குள் கம்பி அறுந்ததுபோல் ஒரு சத்தம். திறந்து பார்த்தபோது சுருள் முழுசாக வெளியே வந்து, துளையின் சுவர் இதழ்போல் விரிந்திருந்தது. இன்னொரு கட்டி அறுக்கச் சொன்னாள். அது நூற்றுப் பதினெட்டில் போனது. மூன்றாவது நூற்றிருபதில்.

அன்றிலிருந்து எங்களுக்கு எல்லாம் ஒரே எண்தான். ஆயில் நூற்றுப் பதினைந்துக்குக் கீழே இருக்கும்வரை இன்ஜின் இன்ஜின். அதற்கு மேல் அந்த மூன்றாவது ஸ்டட் எப்போது வேண்டுமானாலும் வரும். வந்தால் தலை தூக்கும், கூடு கிழியும், பிறகு அதில் யாரும் எதுவும் செய்ய முடியாது.

கட்டி முடித்தாள். இந்தத் தடவை எஃகு ஸ்டட் இல்லை, சூட்டில் கூடவே வளரும் வகை. கசிவு நின்றதால் சூடு குறையும் என்று கணக்குப் போட்டிருந்தாள். கணக்கு சரிதான். ஆகஸ்ட் ஆறாம் தேதி, வெளியே முப்பத்தெட்டு டிகிரி. திராட்சை இலைகள் கொடியிலேயே சுருண்டிருந்தன. சாலையடியில் இருபது நிமிடம் நின்றோம். தார் செருப்பில் ஒட்டியது. நான் எழுதினேன்: 104, 106, 107, 109. கிளம்பும்போது 110. மேலே ஏறினோம். அவள் வென்டலின் ஓட்டுவதுபோல் ஓட்டினாள், இன்ஜின் சுற்று நிமிடத்துக்கு நான்காயிரத்துக்குக் கீழே இறங்காமல். முதல் திருப்பத்தில் 112. ரெண்டாவதில் 114. வாதுமை மரம் நிற்கும் திருப்பத்தில் நான் "பதினஞ்சு" என்றதும் காலை எடுத்துவிட்டாள். கார் தானாக உருண்டு ஓரத்தில் நின்றது. அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"பாதி மலை," என்றேன்.

"பாதிக்கும் கொஞ்சம் கம்மி."

"ஞாயித்துக்கிழமை குளிர்ந்துடுமோ என்னமோ."

"முப்பத்தேழுன்னு சொல்றாங்க. ஒரு டிகிரி." அவள் மனதுக்குள் எதையோ கழித்துப் பார்த்தாள். "நாப்பது மீட்டர் கூடப் போகும்."

மறுநாள் ஆயில் தொட்டியில் நூற்றுப் பதினைந்தில் தானாக இணைப்புக் கொடுக்கும் ஒரு சுவிட்சை வைத்தாள். அதிலிருந்து கம்பி இழுத்து ஒரு விளக்கு. லாரியின் பின்விளக்கு, உள்ளங்கை அகலம், சிவப்பு. வென்டலினுக்கு நடுவில்தான் பார்வை இல்லை, ஓரங்களில் இருக்கிறது. அதனால் அவரை ஓட்டும் இருக்கையில் உட்காரவைத்து, நேராகச் சாலையைப் பார்க்கச் சொல்லி, விளக்கைக் கையில் பிடித்து இடமிருந்து வலமாக அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள்.

"இப்போ?"

"இல்ல."

"இப்போ?"

"கொஞ்சம்."

"இப்போ?"

"அட, நரகம் மாதிரி தெரியுது."

அந்த இடத்தில், கதவுத் தூணின் மேல், நான்கு திருகு போட்டு இறுக்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை அவர் கார் எடுக்க வந்தார். வெளுத்த சட்டை போட்டு, முடி வெட்டியிருந்தார். அல்மூட் முற்றத்துக்குக் கார் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். கையில் ஒரு தாள். பாகம் எங்கேயாவது போவதற்கு முன் அளவை அறையில் எழுதுவார்களே, அந்த மாதிரி. கட்டம் போட்டு, எண் எழுதி, கீழே கையெழுத்து.

அவர் தாளை வாங்கி முகத்தருகே கொண்டுபோனார், பிறகு தள்ளிப் பிடித்தார். "எழுத்தெல்லாம் எறும்பு. நீயே படி."

அவள் படித்தாள். ஆறு சிலிண்டரின் விட்டமும். இருபத்துநாலு ஸ்டட்டின் இறுக்கமும். நிற்கும்போது சூடு, ஏறும்போது சூடு, வெளியே எத்தனை டிகிரி, எந்தத் திருப்பம். படித்து முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. அவர் நின்றுகொண்டே கேட்டார்.

"வரிசையில நிக்கும்போதே விளக்கு எரிஞ்சா?"

"வீட்டுக்கு வந்துடு."

"மலையில எரிஞ்சா?"

"ஓரமா நிறுத்து. மரத்துக்கிட்ட எரியும்."

"மேலே இன்னும் ரெண்டு கிலோமீட்டர் இருக்கு."

"ரெண்டு கிலோமீட்டர் நூத்திப்பத்து மீட்டர்."

"நான் நிறுத்துவேன்னு நினைக்கறியா?"

"இல்ல," என்றாள்.

அவர் தலையாட்டினார். "கடைசியில ஒரு வரி விட்டுட்டே. நீ மூச்சை இழுத்தது கேட்டுது."

அவள் தாளைப் பார்க்காமல் சொன்னாள். "பயன்பாட்டுக்குத் தகுதி: இல்லை."

"கையெழுத்து?"

"போட்டுருக்கேன்."

வென்டலின் தாளை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, உள்ளங்கையை நீட்டினார். நீட்டிய இடம் அவள் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி இருந்தது. அவள் ஓர் அடி நகர்ந்து, சாவியை அதில் வைத்தாள்.